அரை டேஷின் அழகு

முழு டேஷா (—), அரை டேஷா (–) என்ற விவாதத்தில் எனக்குள்ள பக்ஷபாதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாக்கியத்தின் நடுவே இருபுறமும் இடம் விட்டு நிற்கும் அரை டேஷைப் போல அடக்கமும் லக்ஷணமும் பொருந்திய கோடு ரோமன் அச்சில் வேறில்லை. அந்த ரசனையை எனக்கு ஊட்டியவர் யான் சிக்கோல்ட்.

லைப்ஸிக் நகரில் விளம்பரப் பலகை எழுதுபவரின் மகனாக 1902-ல் பிறந்து, இளமையில் சம்பிரதாயங்களையெல்லாம் உதறியெறியும் புதிய அச்சுக்கலையைப் பிரசங்கித்து, 1933-ல் நாஜிகளின் சிறையைக் கண்டு, பின்பு ஸ்விட்ஸர்லாந்தில் குடியேறி, மெல்ல மெல்லப் பழமையின் பெருமையை உணர்ந்து கனிந்த அந்த மனிதரை, 1947-ல் பெங்குவின் பிரசுராலயத்தின் அதிபர் ஆலன் லேன் தம் புத்தகங்களைச் சீர்திருத்துவதற்காக இங்கிலாந்துக்கு வரவழைத்தார். இருந்த காலம் 1947–49 என்று ஒரு வரியில் அடங்கிவிடும். செய்த காரியம் அவ்வளவில் அடங்காது. பல அச்சகங்கள் பலவிதமாகக் கோத்துவந்ததைக் கண்டு, அவர் நாலே பக்கத்தில் விதிகளை வகுத்தார். அவற்றில் ஒன்றுதான் எனக்கு வேதவாக்கு: எழுத்தோடு ஒட்டிய முழு டேஷை நீக்கி, அரை டேஷைப் போட்டு, முன்னும் பின்னும் அந்த வரியின் சொல்லிடைவெளியையே விடவேண்டும்.

‘அந்த வரியின்’ என்ற நிபந்தனையில்தான் மேதைமை இருக்கிறது. இரு ஓரமும் நேராக நிற்கக் கோக்கும்போது, ஒரு வரியில் இடைவெளி இறுகும், மற்றொன்றில் நெகிழும். டேஷின் இருபுறமும் என்றும் மாறாத ஒரே இடத்தை வைத்தால், நெகிழ்ந்த வரியில் அது நெருக்குண்டு தோன்றும், இறுகிய வரியில் விலகித் தோன்றும். சொற்களுக்குள்ள இடமே அதற்கும் கிடைக்குமானால், வரியோடு சேர்ந்து அதுவும் மூச்சுவிடும். பத்துப் பாயிண்ட் எழுத்தில் முழு டேஷின் நீளம் பத்துப் பாயிண்ட். ஈயக்கட்டையின் ஓரம் முதல் ஓரம் வரை வார்க்கப்பட்டிருப்பதால், பிரிக்கவேண்டிய இரு சொற்களையும் அதுவே பிணைத்துவிடுகிறது. ஐந்து பாயிண்ட் அரை டேஷ் அந்த அபசாரத்தைச் செய்வதில்லை.

மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில், யுத்தத்துக்கு முந்திய பெங்குவின் ஒன்றையும் சிக்கோல்டுக்குப் பிந்தியது ஒன்றையும் அருகருகே விரித்து வைத்துப் பார்ப்பது அந்நாளில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு. முந்தியதில் முற்றுப்புள்ளிகளுக்குப் பின்னே வெள்ளைப் பள்ளங்கள், நடுநடுவே நீண்ட கறுப்புக் கீறல்கள். பிந்தியதிலோ பக்கம் முழுதும் ஒரே சீரான சாம்பல் வர்ணம்.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அச்சகத்தின் பக்ஷத்தார் இதை ஏற்கமாட்டார்கள். ஹோரஸ் ஹார்ட் 1893-ல் அச்சுக் கோப்பவர்களுக்காகத் தொகுத்த விதிகளின் வழிவந்த அவர்கள், ஒட்டிய முழு டேஷை ஹைபன் என்று எவரும் மயங்க இடமில்லை என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’யில் லாரன்ஸ் ஸ்டெர்ன் நிரப்பிய கோடுகளை அரை டேஷாகக் குறுக்கினால் அந்தக் கிறுக்கின் சுவையே கெட்டுவிடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நிதானமான உரைநடைக்கு அத்தனை நீளம் எதற்கு?

இந்தச் சச்சரவுக்கே இன்று அவசியமில்லாமல் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம். ஒரே சாவியைக் கொடுத்துத் தட்டச்சு யந்திரம் கெடுத்த பழக்கம் கம்ப்யூட்டரிலும் தொற்றிக்கொண்டது. ஒரு பத்திரிகைக்கு நான் எழுதியனுப்பிய கட்டுரை, அத்தனை டேஷும் ஹைபனாகி, அதுவும் ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் விலகியும் அச்சாகி வந்தது. சிறிய ரோமன் எழுத்தின் உயரத்துக்கு அளவெடுத்த ஹைபனை, 1947–49 என்பது போன்ற இடங்களில், நெட்டையான இலக்கங்களுக்கிடையே வைத்தால், நீளமும் போதாமல், நடுவுக்குக் கீழே சரிந்து கிடக்கும். யந்திரத்தைப் பழிப்பதும் முறையன்று: தம் புத்தகத்தின் புரூஃபைக் கண்டு மனம் வெறுத்து டெக் என்னும் கோப்புமுறையையே படைத்த டொனால்ட் கனூத், அந்த ஒரே சாவியை ஒருமுறை தட்டினால் ஹைபன், இருமுறை தட்டினால் அரை டேஷ், மும்முறை தட்டினால் முழு டேஷ் என்று வழி செய்துவைத்திருக்கிறாரே! ஆக்ஸ்போர்டாருடன் எனக்குள்ளது ரசிகர்களுக்குள் நடக்கும் வழக்கு, அது தீராமலே இருக்கட்டும். எல்லா இடத்துக்கும் ஹைபனே போதும் என்பவரோடு வழக்காட எனக்கு ஒன்றுமில்லை.