கொடுத்த வாக்கும் இரு நாட்டுச் சட்டமும்

அண்ணன் ஒருவர் தங்கையிடம் சொல்கிறார்: "அப்பா சொத்தில் உனக்கு ஒன்றும் வரவில்லை. அது சரியில்லை. இரண்டு வருடத்துக்குள் ஐந்து லட்சம் தருகிறேன்." சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறார். தவணை கடந்தும் பணம் வரவில்லை. தங்கை மதுரையில் இருந்தால், அந்தத் தாளை மட்டும் நம்பிப் போடும் வழக்கு நிற்பது கடினம். யாழ்ப்பாணத்தில் இருந்தால் அதே தாள் அவருக்குக் கைகொடுக்கக்கூடும்.

நிலத்துக்கு வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வாங்குபவர் முன்பணம் கொடுத்து, இருவரும் கையெழுத்திட்ட கிரய ஒப்பந்தத்தோடு மதுரை நீதிமன்றத்துக்குப் போகிறார். "பேசியபடி எனக்குக் கிரயம் செய்து தரச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்க வழி உண்டு. யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு (ஆவணங்களைச் சான்றுப்படுத்தும் சட்ட அலுவலர்) இல்லாமல் எழுதிய அதே தாளுக்குக் காணியைப் பெற்றுத்தரும் வலு இல்லை.

இரு கரையிலும் உறவும் சொத்தும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஒரு நாட்டில் பழகிய வழக்கத்தை மற்ற நாட்டிலும் நம்பிப் பணத்தை இழப்பவர்கள் அவர்களிடையே உண்டு. எந்த நாட்டுச் சட்டம் எந்த இடத்தில் கறாராக இருக்கிறது என்பது கையெழுத்திடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வாக்கு எப்போது ஒப்பந்தமாகிறது?

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 10ஆம் பிரிவு கேட்பவை: சுதந்திரமான சம்மதம், தகுதியுள்ள தரப்பினர், சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம், சட்டத்துக்கு உட்பட்ட மறுபயன். மறுபயன் என்றால் கொடுத்த வாக்குக்கு ஈடாக எதிர்ப்பக்கம் செய்தது, செய்வது, அல்லது செய்யாமல் விட்டது. அது இல்லாத உடன்பாடு செல்லாது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவே சில விலக்குகளையும் தருகிறது. நெருங்கிய உறவினர்களிடையே இயல்பான அன்பினால் கொடுத்த வாக்கு எழுத்தில் இருந்து, பதிவும் செய்யப்பட்டிருந்தால் செல்லும். காலாவதியான கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டாலும் செல்லும்.

அந்த அன்பையும் நீதிமன்றம் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. மனைவி தனியே வாழ்வதற்கும் அவருடைய பராமரிப்புக்கும் பணம் தருவதாகக் கணவர் ஒருவர் பதிவுசெய்த ஆவணத்தில் எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் நடந்த சண்டைகளும் அதே ஆவணத்தில் இடம்பெற்றிருந்தன. 1900இல் அந்த வழக்கைத் தீர்த்த கல்கத்தா உயர் நீதிமன்றம், இதில் அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு மனைவியின் கோரிக்கையைத் தள்ளியது. நம் தங்கையின் தாள் பதிவுசெய்யப்படாத தாள் என்பதால் அந்தக் கேள்வி வரைகூடப் போகாது.

நன்கொடை வாக்கு நிற்கும் இடமும் இருக்கிறது. ஹௌராவில் நகர மண்டபம் கட்ட ஒருவர் 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்டார். அந்தப் பட்டியலை நம்பி ஒப்பந்தக்காரரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. பணத்தைத் தந்தே ஆக வேண்டும் என்று 1886இல் தீர்ப்பானது. வாக்கை நம்பிச் செலவில் இறங்கியதே அங்கே மறுபயனாயிற்று. கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் நன்கொடைப் பட்டியல் எழுதுபவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

இலங்கையின் பாதை வேறு. டச்சுக்காரர்கள் கரையோரப் பகுதிகளை ஆண்டபோது கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தை, 1796க்குப் பின் வந்த ஆங்கிலேயர் அப்படியே தொடரவிட்டார்கள். இன்றும் இலங்கையின் பொது ஒப்பந்தச் சட்டம் அதுதான். அது மறுபயனைக் கேட்பதில்லை. மனப்பூர்வமாக, யோசித்துக் கொடுத்த வாக்குக்கு நியாயமான ஒரு காரணம் இருந்தால் போதும் என்கிறது. இலங்கை நீதிமன்றம் 1904இல் லிப்டன் எதிர் புக்கானன் வழக்கில் இந்த நிலையை எடுத்தது. அறக்கடமையைத் தீர்ப்பதற்காகவோ தாராள மனத்தாலோ நிதானமாகக் கொடுத்த வாக்கையும் சட்டத்தால் நிறைவேற்றலாம் என்று ஜெயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் 1918இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் உறுதிப்படுத்தியது. அண்ணனின் ஐந்து லட்சத்துக்குப் பொருந்துவது இந்த வரிசைதான்.

ஆனால் இலங்கையில் எல்லா ஒப்பந்தத்துக்கும் ஒரே சட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் வணிகத் துறைகள் பலவற்றில் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொருள் விற்பனைக்கு 1896இலும், காசோலை, உண்டியல் போன்றவற்றுக்கு 1927இலும் ஆங்கில முறையிலான கட்டளைச் சட்டங்கள் வந்தன. தங்கைக்குக் கொடுத்த வாக்கை டச்சுக் கண்ணால் பார்க்கும் அதே நீதிமன்றம், காசோலை வழக்கில் ஆங்கில முறைப்படி மறுபயனைத் தேடும்.

எழுத்து எப்போது கட்டாயம்?

வாய்மொழி ஒப்பந்தம் இரு நாட்டிலும் பொதுவாகச் செல்லும். வழக்குப் போடும் காலக்கெடுவில் ஒரு வேறுபாடு உண்டு. இலங்கையின் 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டும், எழுதாததற்கு 3 ஆண்டும் தருகிறது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாதாரண ஒப்பந்த மீறலுக்கு, எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், 3 ஆண்டுதான்.

நிலத்துக்கு விதிகள் தனி. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவுசெய்த பத்திரத்தால்தான் நடக்க முடியும். கிரய ஒப்பந்தம் வேறு வகை. அது நிலத்தில் உரிமை தருவதில்லை. கிரயம் செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமையை மட்டும் தருகிறது. தமிழ்நாடு பதிவுச் சட்டத்தைத் திருத்தி, 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவுசெய்யக் கட்டாயமாக்கியது. இருந்தும், பதிவாகாத ஒப்பந்தத்தை, அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. பதிவுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு தரும் அந்த விலக்கைத் தமிழ்நாடு நீக்கவில்லை என்பதே காரணம். இதைக் கேட்டுப் பதிவைத் தவிர்க்கலாம் என்று நினைப்பவர் தாமே வம்பை விலைக்கு வாங்குகிறார். விற்பவர் அதே நிலத்தை விவரம் அறியாத இன்னொருவருக்குப் பதிவுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், பதிவாகாத ஒப்பந்தம் வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இலங்கையின் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் கறார். காணி விற்பனை, மாற்றம், ஈடு மட்டுமல்ல, இவற்றைச் செய்வதாகக் கொடுக்கும் வாக்கும் நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடவே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த ஆவணத்துக்குச் சட்டத்தில் வலுவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடலாம், காணியைக் கேட்க முடியாது. உறுதி (காணிப் பத்திரம்) முடித்த பிறகு காணிப் பதிவகத்தில் பதிவது உறுதிக்கு உயிர் கொடுப்பதற்காக அல்ல, முன்னுரிமை பெறுவதற்காக. பதியாமல் வைத்திருந்தால், பெறுமதி கொடுத்துப் பின்னால் வாங்கி முந்திப் பதிந்தவரிடம் தோற்கலாம். வேறொருவரின் கடனுக்கு நிற்கும் பிணைக்கும், 1,000 ரூபாய்க்கு மேல் முதல் போட்ட கூட்டு வியாபாரத்துக்கும் எழுத்துக் கட்டாயம்.

இந்தக் கறாருக்குள் ஏழைக் கடனாளி சிக்கிக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அவசரத்துக்குக் கடன் கேட்டுப் போகிறார். கடன் கொடுப்பவர் ஈட்டுக்குப் பதிலாக அறுதி உறுதியையே (முழு விற்பனைப் பத்திரத்தையே) எழுதி வாங்கிக்கொண்டு, "பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று வாயால் சொல்கிறார். அந்த வாக்கு நொத்தாரிசு முன் எழுதப்படாதது. ஆகவே ஒப்பந்தமாக அதற்கு மதிப்பில்லை. இங்கே 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு துணைக்கு வருகிறது. உறுதி எழுதிக் கொடுத்தவர் காணியின் பயனை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லாதவர் என்று சூழ்நிலை காட்டினால், வாங்கியவர் அவருக்காகவே காணியை வைத்திருப்பதாகக் கருதப்படும். விலை சந்தை மதிப்பைவிட மிகக் குறைவா, கொடுத்தவரே காணியில் தொடர்ந்து இருந்தாரா, உறுதிச் செலவையும் வரியையும் யார் கட்டினார் என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். இந்தியாவில் அதே நிலையில் உள்ளவர் அதை அடமானம் என்று நிறுவுவது கடினம். திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அது அடமானமாகும் என்று 1929இல் செய்த திருத்தம் சொல்கிறது.

ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாமவர்

இருவர் பேசி மூன்றாமவருக்கு நன்மை வைத்தால், அந்த மூன்றாமவர் வழக்குப் போடலாமா?

இந்தியச் சட்டத்தில் மறுபயனை "வேறு எவரும்" தரலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் புகழ்பெற்ற சின்னையா எதிர் ராமையா வழக்கில் முதிய பெண்மணி ஒருவர் மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதி, தம் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். மகளும் தருவதாக அந்த உறவினருக்கே தனியாக எழுதிக் கொடுத்தார். பிறகு, "நீங்கள் எனக்கு எதுவும் தரவில்லையே" என்று மறுத்தார். தாய் தந்த சொத்தே போதிய மறுபயன் என்றது நீதிமன்றம். மகள் தனியாக எழுதிக் கொடுத்த அந்தத் தாள்தான் உறவினரை ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாக்கியது. தரப்பாக இல்லாதவர் பொதுவாக வழக்குப் போட முடியாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. சாக்கோ வழக்கில் தெளிவாக்கியது. நம்பிக்கைப் பொறுப்பு, குடும்ப ஏற்பாடு, திருமண ஏற்பாடு போன்றவையே விலக்கு. மாமனார் மாதம் 500 ரூபாய் தருவதாகத் திருமணத்துக்கு முன் எழுதியதை வைத்து, அந்த ஏற்பாட்டில் தரப்பாக இல்லாத மருமகள் வென்றதும் அப்படித்தான். அதைப் பிரிவி கவுன்சில் 1910இல் தீர்த்தது.

உரோம-டச்சுச் சட்டம் இதில் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் லூவெஸ்டைன் கோட்டைச் சிறையில் எழுதி 1631இல் வெளிவந்த நூல் மூன்றாமவரின் உரிமையை ஏற்றது. மூன்றாமவருக்காகச் செய்த ஒப்பந்தத்தை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், தாமே வழக்குப் போடலாம். ஏற்கும்வரை மற்ற இருவரும் மனம் மாறலாம். எனவே இலங்கையில் நன்மை பெறுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, "ஏற்கிறேன்" என்று எழுத்தில் தெரிவிப்பது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணியில் மூன்றாமவரின் கை இன்னும் நீளும். 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் கூட்டு உரிமையாளருக்கும், விற்பவரின் உரித்தாளராக வரக்கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமையைத் தருகிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால், விற்பனையே கேள்விக்குள்ளாகலாம். வடக்கில் காணி வாங்குபவர் உறுதியைப் புரட்டுவதோடு நில்லாமல், பங்காளர் யார் என்றும் விசாரிக்க வேண்டும்.

இரு சட்டமும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்க இடமுண்டு. மூன்றாமவர் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தில் சேர்க்கும்படி இந்தியச் சட்ட ஆணையம் தன் 13ஆம் அறிக்கையில் 1958இலேயே பரிந்துரைத்தது. மூன்றாமவருக்கு உரிமை மறுக்கும் விதியை நமக்குத் தந்த இங்கிலாந்தே 1999இல் சட்டம் இயற்றி அதைத் தளர்த்திவிட்டது. இந்தியா மட்டும் இன்னும் காத்திருக்கத் தேவையில்லை. சகோதரியோ விதவையோ வயதான பெற்றோரோ தாங்கள் கையெழுத்திடாத ஏற்பாட்டை நம்பி வாழும் சமூகத்தில், அவர்களுக்கு நேரடி உரிமை வேண்டும். இலங்கையில் அறுதி உறுதி என்ற போர்வையில் நடக்கும் கடனுக்கு, நீதிமன்றம் போய் 83ஆம் பிரிவைக் கேட்கும் வசதி இல்லாதவர்களே அதிகம். உறுதி முடிப்பதற்கு முன், இது விற்பனையா கடனுக்கான பிணையா என்பதை அவரவருக்குப் புரியும் மொழியில் கேட்டு எழுதும் கடமையை நொத்தாரிசு மீது வைத்தால், அந்த வழக்குகளில் பல எழவே எழாது.

சட்டம் மாறும்வரை பொறுப்பு நம்முடையது. இந்தியாவில் உறவுக்குள் பணம் தருவதாக எழுதினால் பதிவுசெய்யுங்கள், கிரய ஒப்பந்தத்தையும் பதியுங்கள், நன்மை பெறுபவரையும் கையெழுத்திட வையுங்கள். இலங்கையில் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இல்லாமல் காணிக்கு ஒரு ரூபாயும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.