நிமிஷத்துக்கு எத்தனை ரூபாய் மீன்?

இருநூறு ரூபாய் டிக்கெட்டில் பார்க்கிற சினிமாவுக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நாற்பது விமர்சனம் வந்துவிடுகிறது. முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி இழுவை, காமெடி எடுபடவில்லை என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுகிறார்கள். ஆனால் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு கடலில் குதிக்கிற சமாசாரத்துக்கு? ஒரு பிட் நோட்டீஸ், அவ்வளவுதான். அதை எழுதியவர் கடலில் கால் நனைத்திருப்பாரா என்பதே சந்தேகம். இந்த வார விமர்சனம் அந்த நோட்டீஸுக்குத்தான்.

விஷயம் ஸ்நார்கெலிங். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கண்ணையும் மூக்கையும் மூடுகிற ஒரு கண்ணாடி. வாயில் கவ்விக்கொள்ள வளைந்த குழாய் ஒன்று. அதன் வழியாக மூச்சு விட்டுக்கொண்டே தண்ணீரின் மேல் குப்புற மிதந்து, கீழே மீனையும் பவளப்பாறையையும் வேடிக்கை பார்ப்பது. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவது ஸ்கூபா, அது வேறு. தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்தவர்கள் இது இரண்டும் இல்லாமலே, மூச்சை அடக்கிக்கொண்டு போய் வந்தவர்கள். நாம்தான் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறோம்.

எங்கள் வேலப்பன்சாவடியில் கடல் பார்க்க வேண்டுமானால் மதுரவாயல், கோயம்பேடு எல்லாம் தாண்டி மெரினாவுக்குப் போக வேண்டும். ஆழமான தண்ணீர் என்றால் மழைக்காலத்தில் பூந்தமல்லி ஹைரோட்டில் தேங்குவதுதான். நீச்சல் பழகிய ஏரி, குளமெல்லாம் பல இடங்களில் மனையாகிவிட்டதால், நாற்பது வயதுக்குக் கீழே நீந்தத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனாலும் 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றக் கிளம்பிய பிறகு, எங்கள் பகுதியிலும் கப்பல் பேச்சு வந்துவிட்டது. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவில் குழாய் மாட்டிக்கொண்டு மிதந்த போட்டோ வேறு வெளியானது. கேட்க வேண்டுமா? எதிர்வீட்டுக்காரர் நாலு ஏஜென்ட்டுகளிடம் வாங்கிய நோட்டீஸ்களை என் மேஜையில் பரப்பி, “சார், நீங்க பி.காம். கணக்குப் பார்த்து சொல்லுங்க, எது தேறும்?” என்றார். ஒன்று திருகோணமலை, ஒன்று லட்சத்தீவு, இரண்டு அந்தமான். ஏஜென்ட் பெயர்கள் வேண்டாம். நாலும் ஒரே பாட்டைத்தான் பாடின.

முதல் வரி: ‘4 மணி நேர ஸ்நார்கெலிங் டூர்’.

இங்கேதான் காஸ்ட் அக்கவுண்டிங் உதவுகிறது. நீங்கள் வாங்குவது எது? பஸ்ஸா, படகா, கொடுக்கிற ஜூஸா? இல்லை. தண்ணீருக்குள் முகத்தை வைத்திருக்கிற நிமிஷங்கள். திருகோணமலையில் கப்பலிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, பதினைந்து கிலோமீட்டர் வடக்கே நிலாவெளி போக வேண்டும். அங்கே படகு பிடித்து எதிரே தெரிகிற புறாத்தீவுக்குப் போக வேண்டும். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், ஆகவே நுழைவுச் சீட்டுக்கு ஒரு வரிசை. லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒரு வரிசை. உங்கள் முகத்துக்குப் பொருந்துகிற கண்ணாடியைத் தேட ஒரு பத்து நிமிஷம். திரும்பி வர இதே வழி. நாலு மணி நேரத்தில் தண்ணீரில் இருப்பது நாற்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் ரூபாய் டூர் என்றால் நிமிஷத்துக்கு 125 ரூபாய்.

அந்தமானில் ஸ்வராஜ் தீவில் (2018 வரை ஹேவ்லாக்) எலிஃபன்ட் பீச் இருக்கிறது. படகு டிக்கெட்டோடு ஸ்நார்கெலிங் ‘இலவசம்’ என்பார்கள். நம் ஆள் ஒரு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ள, பையன் ஒருவன் அதை இழுத்துக்கொண்டு போய் ஒரு ரவுண்டு காட்டிவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவான். எல்லாம் சேர்த்து மூவாயிரம் செலவாகி, கிடைத்தது பதினைந்து நிமிஷம் என்றால், நிமிஷத்துக்கு 200 ரூபாய். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது! நோட்டீஸில் மொத்த மணி நேரம் எத்தனை என்று பார்க்காதீர்கள். “தண்ணிக்குள்ள எத்தனை நிமிஷம்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் அங்கே போனதில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது வரி: ‘கண்ணைப் பறிக்கும் வண்ணப் பவளப்பாறைகள்!’

படம் பிரமாதம். எந்த வருஷம் எடுத்தது? பவளம் என்பது கல் இல்லை, உயிர். அதற்கு நிறமும் சாப்பாடும் தருவது அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி. கடல் வெப்பம் கொஞ்ச நாள் விடாமல் கூடினால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று மூன்று முறை பெரிய அடி. 2024 மே மாதத்தில், அங்கே பவளங்கள் மீண்டும் கடுமையாக வெளுத்திருப்பதாக கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் உலகம் முழுக்கவே நாலாவது முறையாகப் பவளங்கள் வெளுக்கின்றன என்று அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பு அறிவித்திருந்தது. நோட்டீஸ் அச்சடிக்கிறவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலும். பழைய படமே ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மீன்கள் இருக்கின்றன. பிழைத்த பவளமும் இருக்கிறது. புறாத்தீவில் கரையோரமே, ஆளைச் சீண்டாத கருந்துடுப்புச் சுறாக்குட்டிகளைப் பார்க்கலாம். ஆனால் உள்ளதைச் சொல்லி விற்க வேண்டும். “போன மாசம் எடுத்த படம் காட்டுங்க” என்று கேட்பதில் தப்பே இல்லை. வீடு வாங்கும்போது கேட்கிறோமே!

நமக்கும் இதில் பங்கு உண்டு. கால் வலிக்கிறது என்று பவளத்தின் மேல் ஏறி நிற்கிற கூட்டத்தை எந்தத் தீவிலும் பார்க்கலாம். பாறை போலிருக்கும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு ஆள் ஒரு நிமிஷம் நின்றால் பல வருஷ வளர்ச்சி உடையும். ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல் என்று, அதன் விற்பனையை 2021-லிருந்து ஹவாய் மாநிலம் தடுத்துவிட்டது. கிரீமுக்குப் பதில் முழுக்கை பனியன் போட்டுக்கொண்டால் செலவும் மிச்சம்.

மூன்றாவது வரிதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது: ‘நீச்சல் தெரிய வேண்டியதில்லை. எந்த வயதினரும் வரலாம்.’

பாதி உண்மை. லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும். ஆனால் குப்புற மிதக்கிற ஆளின் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால், அதை ஊதி வெளியேற்றச் சொல்லிக்கொடுக்க ஜாக்கெட்டுக்குத் தெரியாது. பதறி மூச்சை இழுத்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். கையைக் காலை உதறி, “காப்பாத்துங்க” என்று கத்திக்கொண்டே முழுகுவதெல்லாம் சினிமாவில். நிஜத்தில் சத்தமே வராது. மேலிருந்து பார்த்தால் மீன் பார்க்கிறார் என்றே தோன்றும்.

ஸ்நார்கெலிங்குக்குப் பெயர் போன ஹவாயில், வெளியூரிலிருந்து வந்து கடலில் உயிரிழப்பவர்களின் கணக்கில் முதல் வரிசையில் இருப்பது இந்த ஸ்நார்கெலிங்தான். அங்கே நடந்த ஆய்வு ஒன்று 2021-இல் இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பியது. சில குழாய்களில் மூச்சை இழுப்பதே கஷ்டம். அந்தச் சிரமம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள வழி செய்யலாம் என்பது. பி.பி. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு டூர் போகிற நம் வயதுக்காரர்களுக்கு, இது மீனின் நிறத்தை விட முக்கியமான தகவல். நாலு நோட்டீஸிலும் ஒரு எழுத்து இல்லை. ‘எந்த வயதினரும்’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

நாலாவது வரி: ‘அனுபவமிக்க கைடு, நவீன படகு’.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 2014 ஜனவரி 26, குடியரசு தினம். அந்தமானில் ராஸ் தீவிலிருந்து நார்த் பே போய்க்கொண்டிருந்த ‘அக்வா மரைன்’ என்ற சுற்றுலாப் படகு கடலில் மூழ்கியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா போனவர்கள். எங்கள் வீட்டு வாசலில் ஓடுகிற இதே சாலையில் மேற்கே போனால் ஒன்றரை மணி நேரத்தில் வருகிற ஊர். சுமார் 25 பேருக்கான படகில் 40-க்கும் மேல் ஏற்றியிருந்தார்கள் என்றும், லைஃப் ஜாக்கெட் போதவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன.

அவர்களும் ஏதோ ஒரு டூரை நம்பி, முன்பணம் கட்டித்தான் போயிருப்பார்கள். “படகில் எத்தனை பேர்?” என்று கேட்கத் தோன்றியிருக்காது. நம்மில் யாருக்குத் தோன்றும்? ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரோடு பத்தாக ஒட்டிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் நாம். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றால் தள்ளி உட்காருவோம். தரையில் அந்தப் பழக்கம் பெருந்தன்மை. கடலில் அது ஆபத்து. கேட்கத்தான் வேண்டும்: படகின் அனுமதி எத்தனை பேர், இன்றைக்கு ஏற்றுவது எத்தனை பேர்? தண்ணீருக்குள் ஒரு கைடுக்கு எத்தனை பேர்? அவர் படகிலிருந்து விசில் ஊதுவாரா, கூடவே இறங்குவாரா? நாலு பேருக்கு ஒருவர் கூடவே இறங்கினால் கூடுதல் பணம் கொடுங்கள், நியாயம். இருபது பேருக்கு ஒருவர் என்றால் இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

கப்பலில் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. கப்பல்காரர்களே நடத்தும் டூர் விலை அதிகமாக இருக்கும். கரையில் இறங்கி நாமே பேரம் பேசினால் குறையும். ஆனால் அவர்கள் கூட்டிப்போன பஸ் தாமதமானால், கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நீங்கள் பிடித்த ஆட்டோ பஞ்சரானால் காத்திருக்காது. நம் குடும்பத்தைத் திருகோணமலையில் விட்டுவிட்டு நம் சூட்கேஸ் மட்டும் சென்னை வந்து சேரும். தனியாகப் போவதானால், கப்பல் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்புகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

சரி, எதிர்வீட்டுக்காரருக்கு என்ன சொன்னேன்? நீச்சல் தெரியாத குடும்பம், முதல் தடவை. அதனால் லட்சத்தீவு மாதிரி, பவளத்திட்டு சுற்றி வளைத்து அலையைத் தடுத்து நிறுத்துகிற ஆழமில்லாத காயல் நல்லது. கல்பேனியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குழாயைப் பழகலாம். பயம் வந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம் (மணலில், பவளத்தின் மேல் அல்ல). தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கம் வேண்டாம். திருகோணமலை அதற்கு நேர் எதிர். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. நம் ஐப்பசி மழையோடு அங்கேயும் கொந்தளிப்பு. ஆக, எந்தத் தீவு என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று பார்க்க வேண்டும்.

அந்தமான் என்றால் ஜாலி பாய் தீவைச் சொல்வேன். வண்டூர் பக்கத்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் இருக்கிறது. அதையும் ரெட் ஸ்கின் தீவையும் ஆறு ஆறு மாதமாக மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, வனத்துறை அனுமதி வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. கெடுபிடி ஜாஸ்தி என்று ஏஜென்ட்டுகள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கோ அந்தக் கெடுபிடிதான் நாலு நோட்டீஸையும் விட நல்ல விளம்பரமாகத் தெரிகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. பணம் கட்டுவதற்கு முன் கவுன்டரில் கேளுங்கள்: “அன்னிக்குக் கடல் சரியில்லைன்னா என்ன செய்வீங்க?” “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நம்ம பசங்க பாத்துப்பாங்க” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். “போக மாட்டோம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவோம்” என்றால் அங்கேயே கட்டுங்கள்.

அந்த வரியை நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிற ஏஜென்ட் யாராவது இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள். பாராட்டி எழுத இதே பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருகிறேன்.