பூவன் பழமும் உடையவர் வாதமும்

வாழைப்பழம் கைக்கு அடக்கமாக இருக்கிறது, தோல் சுலபமாக உரிகிறது, வாய்க்கு ஏற்றபடி வளைந்திருக்கிறது. எனவே இதை ஒருவன் திட்டமிட்டே படைத்திருக்க வேண்டும், நாத்திகரிடம் இதற்குப் பதில் இல்லை என்று தொலைக்காட்சியில் வாதிட்டார் அமெரிக்காவில் இயங்கும் ரே கம்ஃபர்ட் என்ற கிறிஸ்தவப் பிரசாரகர். திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒட்டிய வாழைக்காய் மண்டியில் இந்த வாதம் ஒரு நிமிஷம் தாங்காது. அங்கே பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் தார் தாராக இறங்குகின்றன. கூடவே பட்டை பட்டையாகத் தடித்த மொந்தனும் இறங்குகிறது. அதை உரித்து அப்படியே யாரும் தின்பதில்லை, கறிக்குத்தான் வாங்குகிறார்கள்.

இந்த ரகங்களின் மூதாதைகள் இரண்டு காட்டு வாழைகள்: மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா. இரண்டின் பழத்திலும் சதையைவிடக் கெட்டியான கறுப்பு விதைகளே அதிகம். காட்டு வாழைக்குக் குரோமோசோம்கள் 22. நாம் அர்ச்சனைத் தட்டில் வைக்கும் பூவனுக்கு 33, அதாவது மூன்று தொகுதி. அதனால்தான் அதில் முளைக்கும் விதை இல்லை. விதையற்ற செடி எங்கோ தற்செயலாகத் தோன்றியபோது, மனிதன் அதைக் கண்டுபிடித்துப் பக்கக்கன்று எடுத்து நட்டான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே நட்டு வந்தான். பழத்தை இந்த வடிவுக்குக் கொண்டுவந்தது அவன் தேர்வு.

ஆனால் இதை வைத்து டார்வின் வென்றார் என்று கைதட்டுவதும் தவறு. வாழையில் தேர்ந்தெடுத்தவன் ஒருவன் இருந்தான். டார்வின் 1859இல் சொன்னது, தேர்ந்தெடுக்க ஆளே இல்லாமலும் தேர்வு நடக்கும் என்பது. அதைக் காட்டுவது பழத்தைவிட அதைக் கொல்லும் பூஞ்சைதான். ரஸ்தாளி பயிரிடுகிறவர்கள் அஞ்சும் வாடல் நோய்ப் பூஞ்சையின் ஒரு வம்சம், சென்ற நூற்றாண்டின் நடுவில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷல் வாழையை வணிகத்திலிருந்தே விரட்டியது. அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. இப்போது கேவண்டிஷையும் தாக்கவல்ல இன்னொரு வம்சம் பரவி, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தோட்டங்களைக் காய வைத்திருக்கிறது. வாழை தாயின் நகலாகவே நிற்கிறது, பூஞ்சையில் மாறுபாடு ஓய்வதில்லை. தாக்க முடிந்தது பெருகுகிறது, முடியாதது பின்தங்குகிறது. திருச்சியிலேயே இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நோய் தாங்கும் ரகம் தேடுகிறவர்கள் பரிணாமத்தை நம்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அது அவர்களுடைய அன்றாட வேலையின் அடிப்படை.

ஆகவே பரிணாமம் நடந்ததா என்பது வழக்கில் இல்லை. அது நடந்திருக்க, கடவுளை நம்ப இடம் உண்டா என்பதே வழக்கு.

பரிணாமம் எதை உடைத்தது என்று துல்லியமாகப் பார்ப்போம். உலகின் ஒழுங்கைக் காட்டி அதற்கொரு கர்த்தாவை அனுமானிக்கும் வாதத்தை உடைத்தது. 1802இல் ஆங்கிலேய இறையியலாளர் வில்லியம் பேலி கடிகாரத்தைக் காட்டிச் சொன்னதும் நம் தர்க்க மரபினரான நையாயிகர்கள் குடத்தையும் குயவனையும் காட்டிச் சொன்னதும் அதே வாதம்தான். காவிரிக்கு அக்கரையில் திருவரங்கம் கோயிலை நிர்வகித்த, உடையவர் என்று போற்றப்படும் இராமானுசர், டார்வினுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை நிராகரித்துவிட்டார். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யப் பகுதியில் அவர் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. மலையும் கடலும் ஒரே காலத்தில், ஒருவனாலேயே செய்யப்பட்டவை என்று எதை வைத்துச் சொல்வது? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கக் கூடாதா? நாம் கண்ட குயவர் எல்லாருக்கும் உடம்பு உண்டே, அப்படியானால் உலகைச் செய்தவனுக்கும் உடம்பு உண்டு என்றல்லவா அனுமானிக்க வேண்டியிருக்கும்? பரமனை அனுமானத்தால் நிறுவ முடியாது, சாஸ்திரம் ஒன்றே பிரமாணம் என்று முடிக்கிறார். நாத்திகர் ஒருவர் எழுப்பக்கூடிய கேள்விகளை எழுப்பியவர், சரணாகதியை ஊருக்கே சொன்ன பக்தர். இந்த விவாதத்தில் நாம் மறந்துவிட்ட மிகப் பெரிய சாட்சி அவர் என்று நினைக்கிறேன்.

அவர் நிலையில் நின்றால் பரிணாமம் பக்தியின் அடித்தளத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு ஒரு விலை உண்டு. சாஸ்திரத்தை ஏற்காதவருக்கு அவர் நிலை எதையும் நிரூபிக்காது. இயற்கையைக் காட்டி அடுத்தவரை நம்ப வைக்கும் உரிமையை ஆத்திகர் விட்டுவிட வேண்டும். புராணக் கதைகளை உயிரியலாகப் படிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கத்ருவுக்கு நாகங்களும் வினதைக்குக் கருடனும் பிறந்ததாகச் சொல்லும் கதையை எழுத்துக்கு எழுத்து எடுத்தால், பைபிளின் ஆறு நாள் படைப்பைப் போலவே அதுவும் பரிணாமத்தோடு மோதும். மோதல் மேற்கத்திய மதங்களுக்கு மட்டும் என்று நாம் பெருமை பேச வழியில்லை.

தசாவதாரமே பரிணாமம் என்ற சமரசம் இன்னொன்று. மீன், ஆமை, பன்றி, நரசிங்கம், குறளன் என்ற வரிசையைப் பரிணாமத்தோடு பொருத்துவது 1877இல் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி எழுதிய நூலிலேயே உண்டு. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாகேஸ்வர ராவ், டார்வின் கொள்கையைவிட இதுவே மேல் என்றார். அறிவியலாக இது நிற்காது. பன்றியிலிருந்து மனிதன் வரவில்லை, வரிசையில் அடுத்தடுத்து வரும் பரசுராமனும் இராமனும் ஒரே காலத்தில் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். பக்தியாகவும் நிற்காது என்பதுதான் முக்கியம். கொள்ளிடக் கரையில், திருமங்கையாழ்வார் அமைத்ததாகச் சொல்லப்படும் தசாவதார சன்னதியில் பத்து மூர்த்திகளும் ஒருசேர நிற்கிறார்கள். அங்கே சேவிப்பவருக்கு மச்சமும் பூரணம், இராமனும் பூரணம். மச்சத்தை வளர்ச்சி குன்றிய கட்டமாக்கும் இந்த ஒப்பீடு யாரைப் பெருமைப்படுத்துகிறது?

எதிர்த்தரப்பின் பிழையும் சிறிதல்ல. பரிணாமம் வந்தது, கடவுள் போய்விட்டார் என்பது தாவல். டார்வினே 1879இல் ஒரு கடிதத்தில், ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியும் என்பதில் ஐயமில்லை என்ற பொருளில் எழுதினார். திருவரங்கம் இராஜகோபுரத்துக்கு எதிரே சிலையாக நிற்கும் பெரியாரின் கடவுள் மறுப்பும் உயிரியலை நம்பி எழுந்ததல்ல. கடவுளின் பெயரால் மனிதனை மனிதன் கீழாக வைத்தான் என்பதே அதன் வலு. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆத்திகர் தனியே பதில் சொல்லியாக வேண்டும். டார்வினை எதிர்த்துவிட்டால் அது தீராது.

நாத்திகரின் உண்மையான பலம் துன்பத்தைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது. மனிதன் தோன்றுவதற்கு முன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் ஒன்றையொன்று தின்று, நோயுற்று, இனம் இனமாக அழிந்தன. கருணையுள்ளவன் இந்த வழியையா தேர்ந்தான்? இறைவனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் இல்லை, அவரவர் அநாதியான கர்மமே காரணம் என்பது வேதாந்தத்தின் விடை. விலங்குக்கும் ஆன்மா உண்டு என்பதால் அந்த விடை உள்முரண் இல்லாதது. ஆனால் சோதித்துப் பார்க்க வழியில்லாதது, துடிக்கும் உயிரின் முன் நின்று சொல்லக் கூசுவதும்கூட. இந்த இடத்தில் ஆத்திகம் தோற்றுவிடவில்லை, காயத்தோடு நிற்கிறது.

என் முடிவு இது: பரிணாமம் மோதுவது கடவுளோடு அல்ல, கடவுளுக்கு நாம் தயாரித்த ஒரு சான்றோடு. அந்தச் சான்றைக் காப்பாற்றப் பாடத்தை வெட்டுவது அறிவியலுக்கும் கேடு, பக்திக்கும் கேடு. 2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது, 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறது என்பது பதிலாகாது. பத்தாவதோடு உயிரியலை விடும் பிள்ளை அதைப் படிக்கவே மாட்டான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் அந்தப் பாடம் இருக்கிறது. ஆசிரியர்கள் அதைத் தயங்காமல் நடத்த வேண்டும், கோயிலுக்குப் போகும் பெற்றோர் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.