கனவுக்கு எண் கூறும் ஏடு

கனவில் பிணத்தைக் கண்டாயா? 47ஐக் கட்டு! பிணம் பேசிற்றா? 48ஐக் கட்டு! இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் லோட்டோச் சூதாடிகள் வேதமெனப் போற்றும் ‘சுமோர்ஃபியா’ என்னும் கனவுநூலின் தீர்ப்பு இது.

அவ்வெண்கள் பிறந்த கதை யாது? 16ஆம் நூற்றாண்டில் ஜெனோவா ஆட்சிமன்றத்துக்குச் சீட்டெடுத்து ஐவரைத் தேர்ந்தனர். எவர் பெயர் வருமெனப் பந்தயம் கட்டினர் மக்கள். பின்னர்ப் பெயர் போய் எண் வந்தது, 90இல் ஐந்து. அதில் ஆவிக்கும் பிணத்துக்கும் ஏது வேலை?

மத்தில்தே செராவோ என்னும் பெண் எழுத்தாளர் 1891இல் வெளியிட்ட புதினம் நேப்பிள்ஸின் இப்பித்தைத் தோலுரித்தது. அதனை நாம் போற்றுகிறோம். கனவுநூலையோ கணக்கால் உரைத்துப் பார்ப்போம். ஒரு குலுக்கலில் மூன்று எண் கட்டி மூன்றும் விழ வாய்ப்பு 11,748இல் ஒன்று. இன்றைய இத்தாலிய லோட்டோ அதற்குத் தருவது கட்டிய பணத்தைப்போல் 4,500 மடங்கு. மீதி எவர் பைக்குப் போகிறது? அதற்கு எந்த எண்ணைக் கட்டுவதாம்?