எல்லா எண்ணும் சரி, எழுந்திருக்கத்தான் முடியவில்லை

அப்பா குளியலறையில் விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை 6.8. ரத்த அழுத்தம் 130க்கு 80. கிரியேட்டினின் சரி, கொழுப்பு சரி. "இந்த வயசுக்கு சூப்பரா வச்சிருக்கீங்க சார்" என்று டாக்டர் சொன்னதை அப்பா ஐயப்பன்தாங்கல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு 76 வயது.

அந்த ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்று உண்டு. ஆறு மாதமாக அவர் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தார். நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். "வயசாச்சுல்ல" என்று விட்டுவிட்டோம். விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் வந்தது. அதன்பிறகு ஐந்து மாதம் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுத்ததில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. மருத்துவமனையில் படுத்திருந்தால்தான் சிகிச்சையாம்.

நான் மென்பொருள் எழுதுகிறவன், மருத்துவன் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற ஒரு விஷயம் இருக்கிறது: டேஷ்போர்டில் எந்த எண் தெரிகிறதோ அதைத்தான் எல்லாரும் சரிசெய்வார்கள். தெரியாத எண் கெட்டுப்போய்க்கொண்டே இருக்கும், சர்வர் விழும்வரை யாருக்கும் தெரியாது. இந்தக் கண்ணோடு, நான் உண்மையிலேயே மதிக்கிற ஒரு திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்: மக்களைத் தேடி மருத்துவம்.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரை நோய் இருந்தவர்கள் 17.6 சதவீதம், அவர்களில் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 10.8 சதவீதம். மருந்து இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இந்த நிலைமை. காரணம் புரியாத புதிர் எதுவும் இல்லை. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ் ஏற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு மாதம் போவார்கள், மூன்றாவது மாதம் நின்றுவிடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம் அந்த இடத்தைத்தான் சரியாகப் பிடித்தது. அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். தேவைப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. அடுத்து நடந்த கணக்கெடுப்பில் ரத்தக் கொதிப்பு கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் சுமார் 17 சதவீதம், சர்க்கரையில் 16.7. 2024இல் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. தகுதியான விருது என்றே நினைக்கிறேன்.

என் குறை இரண்டு. முதலாவது சின்னது. மேடையில் சொல்லப்படுகிற எண் எப்போதும் பயனாளிகளின் எண்ணிக்கைதான். 2022 டிசம்பரில் ஒரு கோடி ஆனதற்கு விழாவே நடந்தது. அது 'எத்தனை ரெக்வஸ்ட் வந்தது' என்பது மாதிரியான எண். வேலை நடந்ததா என்று சொல்வது 7.3 எப்படி 17 ஆனது என்பதுதான். விழா எடுக்க வேண்டியது அதற்கு.

இரண்டாவதுதான் பெரியது. அந்த 17 என்பதும் நோயின் எண், மனிதரின் எண் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட முதுமை பற்றிய அறிக்கை, நலமான முதுமை என்றால் நோய் இல்லாமல் இருப்பது என்று சொல்லவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் திறன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே கேள்வி என்றது. 2017இல் அதற்கான வழிகாட்டுதலும் வந்தது. பார்க்க வேண்டியவை ஆறு: நடமாட்டம், நினைவு, உடல் ஊட்டம், பார்வை, கேட்கும் திறன், மனநிலை. அதை ஒட்டி வந்த கையேட்டில் உள்ள சோதனைகளுக்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை 14 விநாடிக்குள் எழுந்து உட்கார முடிகிறதா? மூன்று சொல் சொன்னால் கொஞ்ச நேரம் கழித்து நினைவிருக்கிறதா? மூன்று மாதத்தில் தானாக மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா? அப்பா முதல் கேள்வியிலேயே மாட்டியிருப்பார். எங்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்திருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத விஷயமா என்றால் அதுவும் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978லேயே முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தத் துறைக்கான முதல் எம்.டி. படிப்பு 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எல்லாம் கட்டடத்துக்குள் இருக்கிறது. முழங்கால் தளர்ந்தவர் மெட்ரோ தூண்களுக்கு நடுவில் பூந்தமல்லி சாலையைக் கடந்து, பஸ் பிடித்து, கிண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள். எட்டு கிலோமீட்டர் நடக்க முடிகிறவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

சரி, ஏற்கெனவே வேலை அதிகம் இருக்கிற, நிரந்தர ஊழியராகக்கூட இல்லாத ஒரு பெண்மணி தலையில் இன்னொரு படிவத்தைக் கட்டுவதா? நியாயமான கேள்வி. அதைவிடக் கடினமான கேள்வியும் உண்டு: கண்டுபிடித்து என்ன பண்ணப் போகிறோம்?

ஜப்பான் இதில் ஒருமுறை அடிபட்டிருக்கிறது. 2006இல் முதியவர்களுக்கு 25 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிடிக்காமல் படியேற முடிகிறதா, போன வருடம் விழுந்தீர்களா என்பது போன்ற கேள்விகள். தளர்ந்தவர்களைப் பிரித்தெடுத்து வகுப்புக்குக் கூப்பிட்டால் வந்தவர்கள் ரொம்பக் குறைவு. 'நீ தளர்ந்துவிட்டாய்' என்று முத்திரை குத்தினால் யார் வருவார்கள்? பிறகுதான் தெருவுக்குத் தெரு எல்லா முதியவர்களும் கூடும் இடங்களுக்கு மாறினார்கள். உடற்பயிற்சி, டீ, அரட்டை எல்லாம் அங்கேயே.

பயிற்சியால் பலன் உண்டா என்ற சந்தேகமும் தீர்ந்த ஒன்று. 2019இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது 23 சதவீதம் குறைகிறது என்றது. அதற்கு மருந்துக் கம்பெனி வேண்டாம், ஒரு நாற்காலி போதும்.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு வருடத்தில் ஒருமுறை, பி.பி. பார்க்கும்போதே அந்த நாற்காலிச் சோதனை. எலும்பு முறிந்தபின் ஒருவர் வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட், வாரம் ஒருநாள் ஊராட்சி நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ, இன்னும் முறியாத இருபது பேருக்குச் சொல்லித்தரட்டும். டேஷ்போர்டில் ஒரே ஒரு எண் கூடட்டும்: இந்த ஊரில் எத்தனை முதியவர்கள் கை ஊன்றாமல் எழுகிறார்கள். 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 60 தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 ஆகும் என்பது மதிப்பீடு. அத்தனை பேருக்கும் இடுப்பு அறுவை சிகிச்சை செய்ய எந்தக் காப்பீட்டாலும் முடியாது.

அப்பா இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு கேட் வரை போகிறார். கை ஊன்றி ஐந்து முறை எழ 31 விநாடி ஆகிறது. அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். போன மாதம் 38.

படித்தவர்கள் ஒன்று செய்யுங்கள். இன்று சாயங்காலம் சுவரை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு அப்பாவையோ அம்மாவையோ உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் 'வயசாச்சுல்ல' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.