கடைசிச் சாய்கோடு

இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் எனக்கு மிகவும் பிடித்தது, 'ப்ராக்ஸி பாஸ்' வரியின் முடிவில் வரும் ஒற்றைச் சாய்கோடு. '/கடை/' பாதைக்கு வரும் கோரிக்கையை உள்ளே இருக்கும் சர்வருக்குத் தள்ளும்போது, அந்தச் சர்வர் முகவரியின் கடைசியில் கோடு இருந்தால் '/கடை/பில்' வெறும் '/பில்' ஆகிப் போய்ச் சேரும். கோடு இல்லையென்றால் முழுப் பாதையும் அப்படியே போகும். எவ்வளவு சிக்கனம்!

பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்டிலும் இதே நுட்பம். நிரந்தர மாற்றத்துக்கான 301 குறியீட்டைக் கொடுத்தால், 'போஸ்ட்' ஆக வந்த படிவத்தை பிரவுசர்கள் 'கெட்' ஆக மாற்றிவிடும். நிரப்பிய விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துபோகும். 2015-இல் தரமாக வந்த 308 அவற்றைச் சிந்தாமல் புது முகவரியில் சேர்க்கிறது. பழைய இணைப்பை மதித்து இப்படியொரு வரி எழுதிவைப்பவர்மேல் எனக்குத் தனி மரியாதை. ஒரு எச்சரிக்கை: 308-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். சோதித்து முடிக்கும்வரை தற்காலிக ரீடைரக்டான 307 போதும்.