திரிபு எங்கே இருக்கிறது?

நம் விமர்சனச் சூழலில் 'பார்வைக் கோளாறு' என்பது ஒரு வசவு. கதையில் ஊர் கோணலாகத் தெரிந்தால் எழுதியவருக்குப் பார்வைக் கோளாறு. ஓவியத்தில் முகம் நீண்டிருந்தால் வரைந்தவருக்குக் கோளாறு. எதிரணிக்காரர் ஒரு பிரதியை வேறு மாதிரி வாசித்துவிட்டால் அவருக்கும் அதே கோளாறுதான். இந்தச் சொல் சுட்டுகிற கண் என்கிற உறுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நாம் உருவகமாக வீசுகிற இந்தச் சொல்லுக்குப் பின்னால், நிஜமாகவே கம்பம் வளைந்து தெரிகிற மனிதர்கள் இருக்கிறார்கள்.

திரிபைப் பற்றிப் பேச நமக்கு ஏற்கெனவே கருவிகள் உண்டு. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, அறிதலில் நேரும் குற்றங்கள் எட்டைச் சொல்கிறது. அதிலொன்று திரியக்கோடல்: இப்பியை வெள்ளி என்று கொள்வது. இங்கே கண் நன்றாகத்தான் இருக்கிறது. பளபளப்பைச் சரியாகவே பார்க்கிறது. தவறுவது முடிவு. 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தி 'நியாயபிந்து'வில் இன்னும் கறாராகப் பிரிக்கிறார். பிழைக்காட்சிக்கு அவர் நான்கு உதாரணங்கள் தருகிறார்: திமிரம் என்கிற கண்நோய், வேகமாகச் சுழற்றிய கொள்ளி வட்டமாகத் தெரிவது, படகில் போகிறவனுக்குக் கரை மரங்கள் நகர்வது, வாத பித்தக் கலக்கம். உரைகாரர் தர்மோத்தரர் விளக்குகிறார்: முதல் காரணம் உறுப்பில், இரண்டாவது பொருளில், மூன்றாவது நிற்கிற இடத்தில், நான்காவது உடம்பின் உள்ளே. நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நான்கு தனித்தனி விஷயம்.

கண்ணையே கலைக்குக் காரணமாகக் காட்டிய பிரபலமான வழக்கு எல் கிரேக்கோவுடையது. 1541இல் கிரீட் தீவில் பிறந்து 1614இல் ஸ்பெயினின் டொலிடோவில் இறந்த ஓவியர். அவருடைய புனிதர்கள் விளக்குச் சுடர் மாதிரி நீண்டு நிற்பார்கள். 1913இல் ஹெர்மான் பெரிட்டென்ஸ் என்கிற ஸ்பானியக் கண் மருத்துவர், அவருக்கு அஸ்டிக்மாடிசம் இருந்தது என்றார். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாதபோது வருகிற குறை அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆளை நீட்டிக் காட்டுகிற கண், படச்சீலையையும் நீட்டித்தானே காட்டும்? இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். படம் நமக்குச் சரியான அளவிலேயே தெரியும். சரி, பார்த்து வரையாமல் நினைவிலிருந்து வரைந்திருந்தால்? ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் 2002இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் பார்த்தது. உருவத்தை ஒரு திசையில் நீட்டும் லென்ஸ் வழியாகப் பார்த்து, நினைவிலிருந்து வரைந்த சதுரம் முதலில் அளவு தப்பியது. லென்ஸோடு இரண்டு நாள் இருந்தவர் சரியான சதுரமே வரைந்துவிட்டார். ஆக, நிலையான கண்திரிபு ஒரு பாணியை உண்டாக்காது. அந்த நீட்சி ஓவியர் எடுத்த முடிவு.

மொனேயின் கதை வேறு. 1912இல் அவருக்குக் கண்புரை கண்டறியப்பட்டது. 1923இல் அறுவை நடந்தது. புரை நுணுக்கத்தை அழிக்கிறது. அழிந்ததை எந்தப் படச்சீலையும் ஈடுகட்டாது. நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று பிரிக்கும். எல் கிரேக்கோவுக்குச் சொல்லப்பட்டது திரிதல். மொனேவுக்கு நேர்ந்தது கெடுதல்.

இதெல்லாம் ஓவியக்கூடத்து விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் மணலூர்பேட்டையில் தை 5ஆம் நாள் தென்பெண்ணை மணலில் ஆற்றுத் திருவிழா நடக்கும். ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் விளக்குக் கம்பத்தைக் காட்டிக் கேட்டார்:

"ஏம்பா, அந்தக் கம்பத்த நடுவுல ஒடிச்சி நட்டு வச்சிருக்கானுவ?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "வயசாச்சி இல்ல, அப்படித்தான் ஏதாச்சும் பேசுவாரு" என்றார் ஒருத்தர். கம்பம் நேராகத்தான் நின்றது. "ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க பெரியப்பா" என்றேன். இடது கண்ணை மூடினார். "இப்பவும் ஒடிஞ்சிதான் இருக்குது." வலது கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதுல நேரா இருக்குதுப்பா."

தர்மகீர்த்தியின் நான்கில் எது இது? பொருள் நேராக இருக்கிறது. நிற்கிற இடம் எங்கள் எல்லாருக்கும் ஒன்றே. சிரித்தவர்கள் நான்காவதைத் தேர்ந்தெடுத்தார்கள்: வயசு, புத்தித் தடுமாற்றம். ஒரு கண்ணில் மட்டும் கோணுகிறது என்றால் காரணம் முதலாவதுதான், உறுப்பு. விழித்திரையின் நடுவில், கூர்ந்து பார்ப்பதற்கான மாக்குலா என்கிற சின்ன இடம் இருக்கிறது. சர்க்கரை நோயில் அது நீர் கோத்து வீங்கலாம். முதுமையில் அதன் அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியலாம். மேலே மெல்லிய சவ்வு படர்ந்து சுருங்கலாம். எப்படியானாலும் ஒளி உணரும் செல்கள் இடம் பெயர்கின்றன, மூளை அவற்றின் பழைய இடத்தையே நம்புகிறது, நேர்கோடு வளைகிறது. லென்ஸ் போட்டவருக்குப் பழகியது போல இது பழகாதா? லென்ஸின் திரிபு களம் முழுக்க ஒரே விதியில் நடக்கிறது. இது திட்டுத் திட்டாக வருகிறது, நாளாக ஆக மாறுகிறது. அதோடு நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடுவதால் பல பேருக்கு வெகுநாள் தெரிவதேயில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஸ்விஸ் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லரின் பெயரால் ஒரு கட்டம் இருக்கிறது: 10 செ.மீ. சதுரம், உள்ளே 5 மி.மீ. கட்டங்கள், நடுவில் புள்ளி. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக, புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு புதிதாக வளைந்தால் விழித்திரை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். கசிவுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் 2000களின் நடுவிலிருந்து கிடைக்கின்றன. தாமதித்துத் தழும்பு விழுந்தால் நடுப்பார்வை திரும்பாது.

பெரியவர் சொன்னது உருவகமில்லை, துல்லியமான தகவல். அதை அவர் வீட்டார் வாசித்த விதம் நம் விமர்சகர்களின் வாசிப்பைத் தலைகீழாக்கியது. ஓவியர் தெரிந்தே எடுத்த முடிவை விமர்சகர் கண்ணின்மேல் போடுகிறார். பெரியவருடைய கண்ணில் நடந்ததை வீட்டார் புத்தியின்மேல் போட்டார்கள். இரண்டு இடத்திலும் சொன்னவரின் பேச்சு செல்லாததாகிறது.

இதற்கு மாற்றாக நம் கோட்பாட்டு நண்பர்கள் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. 'எல்லாப் பார்வையும் திரிபே, நேர்கோடு என்பதே அதிகாரத்தின் கட்டமைப்பு' என்கிறார்கள். படகில் இருப்பவனுக்கு இது பொருந்தலாம். கண்நோய்க்காரரிடம் போய் 'உங்கள் கோணல் கம்பம் உங்கள் உண்மை' என்றால் அவர் கண் போய்விடும். சிரித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள், மரியாதை மட்டும்தான் குறைவு. நேர்கோட்டைக் கட்டுடைப்பதற்கு முன்னால், கோணுவது உறுப்பா, பொருளா, இடமா, உள்ளேயா என்று பார்த்தாக வேண்டும். இனி யாராவது இன்னொருவருக்குப் பார்வைக் கோளாறு என்று எழுதினால், நான்கில் எது என்று கேட்போம்.